தண்ணீர்கூடத் தொடாத தணிக்கையாளர்கள்

பேருந்திலிருந்து முதல் ஆள் இறங்குவதற்குள் ஓர் அம்மாள் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். தட்டில் சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை, ஓரத்தில் கரண்டிகள். அதைப் பார்த்ததும் பேராசிரியர் மிலுதின் பேருந்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

இன்று புனித நிக்கோலாவின் நாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செர்பியாவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் குலதெய்வம். மிலுதின் வீட்டுக்கு வேறு புனிதர். அதனால் தேதி குறிக்கும்போது தோன்றவில்லை. குலதெய்வ நாளில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வருவார், உட்காருவார், சாப்பிடுவார். வாசலில் நீட்டுகிற கோதுமையை வேண்டாம் என்பது வீட்டுக்காரரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

அவருக்குப் பின்னால் இறங்கியவர்களோ பின்லாந்துக் கணக்கியல் மாணவர்கள். 'சர்வதேசத் தணிக்கை நெறிகள்: குளிர்காலச் சிறப்புப் பள்ளி' என்ற இரண்டு வாரப் படிப்புக்கு வந்தவர்கள். அந்தப் பள்ளிக்கு இயக்குநர், ஒருங்கிணைப்பாளர், தலைமைப் பேராசிரியர் எல்லாம் மிலுதின்தான். வேறு ஆசிரியரே கிடையாது. அவர் நடத்திய முதல் பாடம்: தணிக்கைக்குப் போன இடத்தில் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. இன்று செய்முறைப் பயிற்சி. ரஞ்ஜெலோவிச் மிளகாய் விழுதுத் தொழிற்சாலையில் சரக்கிருப்பைச் சரிபார்க்க வேண்டும்.

கூட வந்திருந்த பேராசிரியை ஐலா இன்று மாலை கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆண்டும் படிப்பு உண்டு. படிப்பு இருந்தால் மிலுதினுக்கு முழுப் பேராசிரியர் பதவியும் ஜன்னல் வைத்த அறையும் கிடைக்கும். இத்தனை வருடமாக அவர் மாடிப்படிக்குக் கீழே, ஓடாத ஜெராக்ஸ் மெஷினோடு குடியிருக்கிறார்.

பனியில் பேருந்து ஊர்ந்து வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. ஊர் முனையில் ஓட்டுநர், "ரஞ்ஜெலோவிச் இடம் எது?" என்று கேட்டபோது, பனி வாரிக்கொண்டிருந்த ஒருவன், "அதோ புகை வருது பாரு. இன்னிக்கு எல்லாரும் அங்கதான் போறாங்க" என்று கை காட்டினான்.

"பிரபலமான கம்பெனி" என்று மிலுதின் அதை ஐலாவுக்கு மொழிபெயர்த்திருந்தார்.

"ஏன் வாசல்லயே நிக்கறீங்க?" உள்ளிருந்து வீட்டுக்காரர் கிராதிமிர் வந்தார். பெரிய வயிறு, புதுச் சட்டை. தட்டோடு நின்ற மனைவி பக்கம் திரும்பினார். "யகோதா, பாருடி எத்தனை பேருன்னு! பஸ்ஸே வச்சுக்கிட்டு வந்திருக்காங்க!"

ஐலா கோதுமைத் தட்டைப் பார்த்தார். "புரொபசர், தண்ணிகூடத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன் மேடம். தொட மாட்டோம்."

மிலுதின் கிராதிமிர் பக்கம் திரும்பினார். "முதலாளி, தப்பா நினைச்சுக்காதீங்க. இவங்கல்லாம் விரதம்."

"முதலாளியாம்! கேட்டியா யகோதா?" கிராதிமிருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "விரதம்னா என்ன தம்பி? கிறிஸ்துமஸ் வரைக்கும் நாங்களும்தான் விரதம். கறி இல்ல, முட்டை இல்ல, பால் இல்ல. வெறும் மீனு, பீன்ஸு, ஊறுகாய். இவங்களுக்குன்னே சமைச்ச மாதிரி ஆயிப்போச்சு, வாங்க!"

ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். மேசை முழுக்க ஆட்கள். நடுவில் மெழுகுவர்த்தி எரிந்தது. எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அடுப்போரம் அடர்த்தியான மீசைக்காரர் ஒருவர் கெண்டை மீனின் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே நாற்காலியை ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னால் வைத்த மீன் ஆறியது. யகோதாவின் முகமும் வாடியது.

"என்னங்க இது, ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க? என் சமையல் அவ்வளவு மோசமா?"

"ஐயோ, இல்லம்மா. அவங்களுக்கு வயித்துக்கு ஆகல" என்றார் மிலுதின்.

அவ்வளவுதான். யகோதா எழுந்தாள். "அதானே பார்த்தேன்! மூஞ்சில ரத்தமே இல்ல. அங்கெல்லாம் என்னத்தைத் தின்னு வளருதுங்களோ!" உப்பை வறுத்துத் துணியில் முடிந்தாள். பின்லாந்துப் பிள்ளைகள் எதிர்த்துப் பேசிப் பழகாதவர்கள். படுக்கச் சொன்னதும் பெஞ்சில் படுத்தார்கள். ஆளுக்கொரு சுடு உப்பு மூட்டை வயிற்றில் ஏறியது.

"புரொபசர், எதுக்கு என் மாணவர்களைப் படுக்க வைக்கறாங்க?"

"காலம் கடத்தற தந்திரம் மேடம். தணிக்கைக்கு வந்தவங்களைத் தூங்க வச்சுடுவாங்க. குறிச்சுக்கச் சொல்லுங்க."

படுத்தபடியே எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

கிராதிமிர் பிளம் சாராயம் ஊற்றினார். ஒரு கோப்பையும் காலியாகவில்லை. "தம்பி, சாமி பேரைச் சொல்லி ஊத்தினதைத் திரும்பப் பாட்டில்ல ஊத்த முடியாது. யாராவது குடிச்சுத்தான் ஆகணும்."

தணிக்கையாளர்கள்தானே குடிக்கக் கூடாது, இயக்குநருக்கு என்ன தடை என்று மிலுதினுக்குத் தோன்றியது. ஒவ்வொருவர் சார்பிலும் குடித்தார். கடைசி மாணவனின் கோப்பை முடிந்தபோது எல்லாப் பிரச்சினையும் மிக எளிதாகத் தெரிந்தது. இவர்களைச் சாப்பாட்டு மேசையிலிருந்து கிளப்ப வேண்டும், அவ்வளவுதானே?

"முதலாளி, சரக்கு ரூமைக் காட்டுங்களேன்."

கிராதிமிர் இதற்காகவே பிறந்தவர் போல எழுந்தார். "கேக்க மாட்டீங்களான்னு இருந்தேன்!"

நிலவறையில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிப் பாட்டில்கள். சிவப்பு மிளகாய் விழுது, பச்சைத் தக்காளி ஊறுகாய், பிளம் ஜாம், மூலையில் முட்டைக்கோஸ் பீப்பாய். மிலுதின் பெல்கிரேடில் பிறந்து, விழுதைக் கடையில் வாங்கித் தின்று வளர்ந்தவர். இவ்வளவு சரக்கைக் கண்டதும் நெஞ்சு நிமிர்ந்தது.

"மெஷினெல்லாம் எங்க முதலாளி?"

"மெஷினா? இதோ நிக்கறாளே!" என்று கிராதிமிர் மனைவியைக் காட்டினார். யகோதா அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"கையால் தயாரிப்பு" என்று மிலுதின் மொழிபெயர்த்தார்.

யூஹோ என்ற மாணவன் முதன்முதலாக வாயைத் திறந்தான். "எதுலயும் லேபிள் இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"சிவப்பா இருந்தா மிளகாய், கறுப்பா இருந்தா பிளம்" என்றார் கிராதிமிர். "இதுக்கு எதுக்குப் படிப்பு?"

ஐலாவின் கண்கள் பளபளத்தன. "பதிவு இல்ல, கட்டுப்பாடு இல்ல, ஒண்ணுமே இல்ல! இப்படி ஒரு கம்பெனியை நான் பாடப் புத்தகத்துலகூடப் பார்த்ததில்ல!"

மாணவர்கள் வரிசை வரிசையாக எண்ண ஆரம்பித்தார்கள். கிராதிமிர் மிலுதினை ஓரமாக இழுத்தார். "எதுக்குய்யா எண்றாங்க?"

"ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."

சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நிமிடம் கிராதிமிரும் இரண்டு மச்சான்களும் பாட்டில்களை அள்ளிக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏற்றினார்கள். மாணவர்கள் பின்கதவு வழியாக அவற்றை இறக்கிவைத்தார்கள். இவர்கள் ஏற்ற, அவர்கள் இறக்க, ஒரே பாட்டில்கள் பேருந்துக்குள் ஊர்வலம் போயின.

ஐலாவின் முகம் கல்லாயிற்று. "புரொபசர், இது லஞ்சம்."

ஜன்னல் வைத்த அறை மிலுதினின் கண்ணெதிரே கதவைச் சாத்திக்கொண்டது. சாராயம் கைகொடுத்தது.

"ஆமா மேடம், லஞ்சம்தான்." மார்பில் கை வைத்துக்கொண்டார். "நான்தான் கொடுக்கச் சொன்னேன். விருந்து, உப்பு மூட்டை, பாட்டில் எல்லாமே என் ஏற்பாடு. முதலாளிக்கு ஒவ்வொரு வசனமும் நானே சொல்லிக் கொடுத்தேன். பரீட்சை மேடம்! உங்க பிள்ளைங்க ஒருத்தர்கூட விழல."

ஐலா தன் மாணவர்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தார். பிறகு அவர் கண்ணில் நீர் கட்டியது. பின்லாந்தில் அது பெரிய ஆர்ப்பாட்டம்.

"இப்படி ஒரு கல்வி முறையை நாங்க கற்பனைகூடப் பண்ணல. அவரும் என்ன இயல்பா நடிக்கறாரு!" பேருந்தின் முகப்பிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருஷமும் இதே கம்பெனிதான், சரியா?"

மிலுதின் கிராதிமிரிடம், "அடுத்த வருஷமும் வரலாமான்னு கேக்கறாங்க" என்றார்.

"இது என்ன கேள்வி? இதே நாள், இதே மேசை! ஆனா வயித்தைச் சரி பண்ணிக்கிட்டு வரச் சொல்லு!" கிராதிமிர் ஐலாவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, போதாதென்று மூன்றாவதும் வைத்தார். ஐலா அதை நடிப்பின் உச்சம் என்று ஏற்றுக்கொண்டார்.

பேருந்து உறுமியது. முன் இருக்கையில் மிலுதின் முழுப் பேராசிரியராகவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கதவு மூடும் நேரத்தில் அடுப்போரத்து மீசைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

"தம்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் என்னை இறக்கி விட்டுடுங்க, அங்கதான் நம்ம மிளகாய் ஃபாக்டரி, யாரோ பெரிய பேராசிரியரு தணிக்கைப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன்னாரு, மதியம் வரைக்கும் கேட்லயே நின்னு பார்த்துட்டு, சரி, பக்கத்துல இன்னொரு ரஞ்ஜெலோவிச் இருக்கானே, நம்ம கிராதிமிர், அவன் வீட்லயாவது சாப்பிடலாம்னு வந்துட்டேன்."