தவளை சாரின் சீப்பு

அன்று சாயங்காலம் அடையாறு குட்டையோரம் நின்றவர்கள்: பக்கத்து ஃபிளாட்ஸ் செக்ரட்டரி. மேஸ்திரி. ஜேசிபி டிரைவர். ஒரு நாய். ஆட்டோ ஓட்டும் நான். தவளை சார்.

சென்னையின் மொத்தத் தவளை ஆராய்ச்சியும் கடைசியாகச் சொன்ன அந்த ஒருவர்தான்.

சாந்தோம்காரர். காலேஜில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தலையில் ஒரு முடி கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. முதல் சவாரியிலேயே கேட்டுவிட்டேன்.

"இன்னாத்துக்கு சார் சீப்பு?"

"வண்டிய நிறுத்துப்பா, காட்டுறேன்."

தேங்கிய தண்ணீரருகே குனிந்து, சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினார். டிர்ர்ர். தண்ணீரோரத்திலிருந்து டிர்ர்ர் என்று பதில் வந்தது. நகத்தளவு தவளை. என் ஹாரன் தோற்றது.

அன்றிலிருந்து மழை விட்டால் தி.நகர், சைதாப்பேட்டை, அடையாறு. தண்ணீர் தேங்கினால் ஊரே திட்டும். சார் மட்டும் நோட்டைத் திறப்பார். அவரிடம் தவளை படிக்க வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் புலிக்குப் போனார். ஒருவர் பேங்குக்கு. ஒருவர் கல்யாணத்துக்கு.

"புலிக்கு ஜீப் தராங்க. தவளைக்கு உன் ஆட்டோ" என்பார்.

ஓர் ஆபீசில் படிவம் கொடுத்தார்கள். பறவைக்குக் கட்டம் இருந்தது, பாம்புக்கும் இருந்தது. தவளையை 'இதர'வில் எழுதச் சொன்னார்கள்.

அடையாறு குட்டை, இருபது வருஷமாக அவர் காது கொடுத்த இடம். அதை மூடிக் கார் நிறுத்த ஃபிளாட்ஸ்காரர்கள் முடிவு செய்தார்கள். சார் நடையாய் நடந்தார். கடைசியில் செக்ரட்டரி இறங்கி வந்தார். அரை மணி நேரத்தில் ஒரு தவளை கத்தினாலும் போதும், மழைக்காலம் முடியும்வரை மண் விழாது என்றார்.

இருபது நிமிஷம் ஆனது. சீப்பை ஓட்டி ஓட்டி அவர் நகம் தேய்ந்தது. பதில் இல்லை.

"பெர்சு, டீசல் எரிஞ்சிகினு கீது" என்றான் டிரைவர்.

சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்னுக்குப் போவதாகச் சொல்லிச் சுவருக்குப் பின்னால் போனேன். என் சீப்பை எடுத்து ஓட்டினேன்.

"கீது சார்! கத்துது!" டிரைவரே குதித்தான். செக்ரட்டரி முகம் தொங்கியது. மேஸ்திரி வண்டியை அணைக்கச் சொன்னார்.

சார் தலையைச் சாய்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை ஓட்டினேன்.

"நடுவுல ஒரு பல் இல்ல. வெளிய வாப்பா" என்றார்.

வந்தேன். நாய்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தது.

சார் நோட்டில் பூஜ்யம் போட்டு, செக்ரட்டரியிடம் அவரே காட்டினார். குட்டையை மூட முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆட்டோவில் கத்தினேன். "ஒரு ஒண்ணு போட்டிருந்தா இன்னா சார் கொறைஞ்சி பூட்டிருக்கும்?"

"இன்னிக்கு அதப் போட்டா, இருபது வருஷமா போட்டத எவன் நம்புவான்?"

சாந்தோம் வந்தது. இறங்கும்போது தோளில் கை வைத்தார். "நல்லாத்தான் கத்தின."

இப்போது சாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கை. மழைக்கு அவர் நோட்டோடு நான் போகிறேன். அதில் கோடு போட்டு அடிக்காமல் மிச்சம் இருக்கும் இடம் சைதாப்பேட்டை ரயில் பாதையோரப் பள்ளம் மட்டும்தான். போன வாரம் அங்கிருந்து அவருக்குப் போன் போட்டேன். எதுவும் சொல்லவில்லை. போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். தூறலில் போன் கெட்டால் கெடட்டும். அரை மணி நேரம் அவரும் பேசவில்லை, நானும் கையை இறக்கவில்லை.

பிறகு, "எழுதிக்கப்பா" என்றார்.

ஒன்று.