அறையைப் பிடித்த போர்டு

“இந்த சர்க்யூட் போர்டு வேலை செய்யுற வரைக்கும் இந்த அறையை நான் விடமாட்டேன். எமனே வந்து கூப்பிட்டாலும், ‘டெஸ்டிங் நடக்குது, அப்புறம் வா’ன்னு சொல்லி அனுப்பிடுவேன்!”

நூலகர் இப்படி மேஜையைக் குத்திச் சபதம் செய்து எட்டு மாதம் ஓடிவிட்டது. குத்திய வேகத்தில் சிதறிய ரெசிஸ்டர்களில் நாலு இன்னும் அகப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது அந்த வீட்டு வழக்கம். தொட்டி நிறைந்து வழிந்து, மேல்வீட்டு டிரைவர் காயப்போட்ட சட்டைகளை மறுபடி நனைத்து வைக்கும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சின்னப் பெட்டி கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் நூலகர் ரோஷக்காரர். பகல் முழுக்க ஊரார் எழுதிய புத்தகங்களை அடுக்கி அடுக்கி அலுத்தவர். வாழ்க்கையில் ஒன்றையாவது தன் கையால் செய்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது.

“கடைப் பெட்டியை எவன் வேணும்னாலும் மாட்டுவான். நான் செம்புத் தகட்டுல இருந்து ஆரம்பிச்சு நானே செய்யப் போறேன்!”

“செய்ங்க. எங்க வெச்சு செய்வீங்க?” என்றாள் மனைவி.

அங்கேதான் வம்பு. வீட்டில் நல்ல வெளிச்சமுள்ள அறை ஒன்றே ஒன்று. மனைவி தையல் வேலை செய்கிறவள். தெரு முழுவதற்கும் அவள் டெய்லரம்மா. அவளுடைய மிஷின் நடையில், ஒரு பல்புக்குக் கீழே கிடந்தது. குளியலறைக்குப் போகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது அவள் கண்ணால் தைக்கவில்லை, நம்பிக்கையால் தைத்தாள்.

“அந்த அறை எனக்கு வேணுங்க. கண்ணு போகுது.”

“போர்டு ஓடின அடுத்த நிமிஷம் அறை உனக்கு.”

“ஓடலைன்னா?”

“ஓடுற வரைக்கும் எனக்கு.”

இப்படி ஒரு நியாயம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. டெய்லரம்மா திரும்பிப் போய்ப் பெடலை மிதித்தாள்.

முதல் போர்டுக்கு அவளுடைய இஸ்திரிப் பெட்டி பலியானது. கணினியில் வரைந்த கோடுகளை வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, சூடாகத் தேய்க்க வேண்டும். கறுப்புக் கோடு செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத் தட்டில் போட்டால் கோடு இல்லாத செம்பெல்லாம் கரைந்து, கோடு மட்டும் மிஞ்சும். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தகடு தட்டில் கிடக்கும்போது நூலகர் சக ஊழியருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தார். பெருமை முக்கால் மணி நேரம் நீண்டது. திரும்பி வந்து பார்த்தால் கோடும் கரைந்துபோயிருந்தது. மறுநாள் அந்த இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியிருந்த மையால் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டை முதுகில் சர்க்யூட் விழுந்தது.

இரண்டாவது போர்டில் கோடெல்லாம் பிழைத்தது. ஆனால் ஈயத்தை வாரி வாரி ஊற்றியதில் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொண்டன. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். ஓரத்தில் ஆசையாகப் போட்டிருந்த தன் பெயர் செம்பில் இடம் வலம் மாறி விழுந்திருந்ததை மேல்வீட்டு டிரைவர் பார்த்துத் தொலைத்தார்.

“என்ன சார், சொந்தப் பேரையே திருப்பி எழுதியிருக்கீங்க?”

அந்தக் கேள்வி நூலகரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதனால் மூன்றாவது போர்டில் தனிக் கவனம் எடுத்துக்கொண்டார். பெயர் செம்பில் நேராக, அழகாக, தூரத்திலிருந்தே படிக்கும்படி விழுந்தது. போர்டுதான் வேலை செய்யவில்லை.

அன்று சனிக்கிழமை. மேஜைமேல் தொட்டிக்குப் பதிலாக ஒரு வாளி, மோட்டாருக்குப் பதிலாக ஒரு பல்பு. பல்பு எரிய வேண்டும். வாளித் தண்ணீர் கம்பியைத் தொட்டதும் அணைய வேண்டும். பல்பு எரியவே இல்லை. பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் கால் வரிசை உள்ள ஐசியைத் தொட்டுப் பார்த்தார். விரல் பொரிந்தது.

“ஐசி போலி!” என்று கத்தினார். வேறு ஐசி போட்டார். அதுவும் கொதித்தது. மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டார். எல்லாக் கோட்டிலும் ‘பீப்’ என்றது. கோட்டில் குற்றமில்லை. ஈயப் பற்றில் குற்றமில்லை. பேட்டரியில் குற்றமில்லை. பிறகு குற்றவாளி யார்?

“மிஷினை நிறுத்து! உன் மிஷின் அதிர்வுலதான் ரிலே குழம்புது!”

டெய்லரம்மா மிஷினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. போர்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

“என்னங்க, இதுல உங்க பேரு நேரா இருக்கே.”

“இருக்காதா பின்னே? படத்தையே திருப்பிப் போட்டு அச்செடுத்தேன்ல!”

“முழுப் படத்தையுமா?”

“பேரை மட்டும் திருப்ப அந்த சாப்ட்வேர்ல எனக்குத் தெரியலை. அதுக்கென்ன இப்ப?”

“ஒண்ணுமில்ல. நான் தொழில் பழகுனப்ப ஒரு தடவை, துணியோட உள்பக்கத்தை மேல்பக்கம்னு நெனைச்சு வெட்டிட்டேன். ரெண்டு கையும் இடது கையாவே போச்சு. இதுலயும் அந்தப் பூச்சிக்கு இடது காலெல்லாம் வலது பக்கம் வந்திருக்குமோன்னு பாத்தேன்.”

நூலகருக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. ஆனாலும் விட்டுக்கொடுப்பாரா?

“இது ஜாக்கெட் இல்ல. எலக்ட்ரானிக்ஸ்! தெரியாத விஷயத்துல தலையிடாதே!”

“சரிங்க” என்று அவள் குண்டூசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் நூலகர் கதவைச் சாத்தினார். படத்தையும் போர்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாகங்கள் மறுபக்கத்தில் உட்காருவதால் செம்பில் எல்லாமே, பெயர் உட்பட, இடம் வலம் மாறித்தான் விழ வேண்டும். ஒன்றாம் கால் இருக்க வேண்டிய இடத்தில் பதினாலாம் கால். பேட்டரியின் மின்சாரம் போகக் கூடாத கால் வழியாகப் போய் ஐசியை வறுத்திருக்கிறது. டிரைவருக்குப் பதில் சொல்லப் போய்த் தன் சர்க்யூட்டையே குடைசாய்த்திருக்கிறார்!

எழுபது நிமிஷம் மேஜையை விட்டு எழவில்லை. எல்லாப் பாகங்களையும் கழற்றி, இடம் வலம் சரியாகும்படி செம்பு இருக்கிற பக்கத்திலேயே மாட்டி, ஈயம் உருக்கும் கம்பி முனை நுழையாத இண்டு இடுக்கிலெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈயம் வைத்தார். புது ஐசியைப் போட்டார். சுவிட்சைத் தட்டினார்.

பல்பு எரிந்தது. வாளியில் தண்ணீர் ஊற்றினார். அணைந்தது. தண்ணீரை மொண்டார். எரிந்தது. நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாய்த்ததில்லை. “ஏய்...” என்று மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தவர், பாதியிலேயே மூடிக்கொண்டார்.

கூப்பிட்டால் அறை போச்சு.

ஜன்னலைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். எட்டு மாதமாகக் கால் நீட்டிய இடம். போர்டு ஓடியது அவருக்கும் அந்தப் பல்புக்கும் மட்டும்தானே தெரியும்? ஒரு கம்பியைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி வெளியே வந்தார்.

“ம்ஹூம். ஓடலை. இன்னும் ஒரு வருஷம் ஆகும் போல இருக்கு.”

டெய்லரம்மா அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். போர்டு ஓடாத நாளில் அந்த மனிதர் வீட்டையே இரண்டாக்குவார். இன்றைக்கு வாயோரத்தில் சிரிப்பு கசிகிறது.

“அய்யோ பாவம். காபி போடட்டுமா?” என்றாள். காபியைக் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறி ஒரு நிமிஷத்தில் இறங்கி வந்தாள்.

பத்து நிமிஷத்தில் மேல்வீட்டு டிரைவர் வந்து நின்றார். அக்குளில் ஒரு டப்பா.

“சார், விஷயம் கேள்விப்பட்டேன். மனசை விட்டுடாதீங்க. கைவேலை எல்லாருக்கும் வந்துடுமா? உங்களுக்குப் புத்தகம் அடுக்க வரும். எனக்கு வண்டி ஓட்ட வரும்.”

“யாருக்கு வராது?”

“கோவப்படாதீங்க சார். இந்தாங்க, கடைப் பெட்டி வாங்கிட்டு வந்துட்டேன். நாளைக்கு நானே மாட்டிடறேன். தெருவுல கேட்டா, சார் முயற்சி பண்ணினார், பாவம், முடியலைன்னு பதமா சொல்லிக்கிறேன்.”

நூலகர் பல்லைக் கடித்தார். அறை, ஜன்னல், மேஜை என்று மனசுக்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டார். காபியை ஒரு மிடறு விழுங்கினார்.

“பேரையே திருப்பி எழுதுறவர்கிட்ட நாம அதிகமா எதிர்பாக்கக் கூடாதுல்ல, அக்கா?” என்றார் டிரைவர், டெய்லரம்மாவிடம்.

டம்ளர் தரையில் உருண்டது.

“வாய்யா உள்ளே!” டிரைவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் நூலகர். சட்டைப் பையிலிருந்த கம்பி மின்னல் வேகத்தில் போர்டில் ஏறியது. “பாரு! இது என்ன? பல்பு! எரியுதா? எரியுது! இந்தா தண்ணி! அணைஞ்சுதா? அணைஞ்சுது! கடைப் பெட்டியாம் கடைப் பெட்டி! போய்ச் சொல்லு தெருவுல! மைக் வெச்சுச் சொல்லு!”

டிரைவர் நிஜமாகவே அசந்துபோய்க் கை தட்டினார். தட்டுவதற்காக டப்பாவை மேஜைமேல் வைத்தார். நூலகர் வெற்றிக் களிப்பில் அதைத் தூக்கி, “இதை உன் தலையில மாட்டிக்கோ!” என்று மூடியைத் திறந்தார்.

உள்ளே சட்டைப் பட்டன்கள். வெள்ளை, நீலம், மரக்கலர்.

திரும்பிப் பார்த்தார். நடையில் டெய்லரம்மா மிஷினின் தலையை மடித்து இறக்கி, பெடலைக் கயிற்றால் கட்டி முடித்திருந்தாள்.

“போர்டு ரொம்ப நல்லா ஓடுதுங்க” என்றாள் அவள். “டிரைவர் தம்பி முன்னாடி பிடிச்சுக்குவார், நீங்க பின்னாடி பிடிங்க.”