நாத்தனார் முடிச்சும் தூங்கிப்போன பவர் பேங்கும்

பழைய பொருளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் ஆளைக் கண்டால் எல்லோருக்கும் கை பரபரக்கும். திருத்திவிட வேண்டுமாம். குடிகாரனைக்கூட ‘பாவம், என்ன கவலையோ’ என்று விட்டுவிடுவார்கள். கையடக்க சிடி பிளேயர் வைத்திருப்பவளை விடமாட்டார்கள். ‘போன்லயே பாட்டு கேக்கலாம் லா, எதுக்கு இந்த டப்பா?’ என்று யாராவது என்னைக் கேட்காத விசேஷ வீடு பினாங்கில் கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். முடியாது. தூக்கிப் போட மாட்டேன். என் தம்பி கல்யாணத்தில் அப்படி நடந்த பிறகும் மாட்டேன். சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் கண்டிப்பாக மாட்டேன்.

அப்போது ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் அம்மா, நான், தம்பி சரவணன் என்று மூன்று பேர். மிச்ச இடமெல்லாம் என் பெட்டிகள். வார நாட்களில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை எனக்கு. ஞாயிறு காலையானால் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தை. ஓடாத கடிகாரங்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே யாரோ கைவிட்ட சிடி பிளேயர் ஒன்று வாய் பிளந்து கிடக்கும். “ஓடுமா அங்கிள்?” என்றால், “ஓடும் ஓடும், பேட்டரி மட்டும் போடு” என்பார் கடைக்காரர். (பேட்டரி போட்டால் ஓடும் என்று விற்கப்பட்ட எதுவும் பேட்டரி போட்டு ஓடியதாகச் சரித்திரம் இல்லை.)

வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே லென்ஸில் தூசி, பற்சக்கரத்தில் இறுகிப்போன கிரீஸ். அவற்றைப் பஞ்சால் துடைத்துப் புதுசாகப் பூசிவிடலாம். பெரிய தலைவலி மின்சாரம். பழைய பேட்டரி கசிந்து, அது உட்காரும் கம்பிச் சுருளெல்லாம் பச்சையாகப் பூத்து, தொட்டாலே உதிரும். பக்கத்தில் அடாப்டர் குத்துகிற ஓட்டை இருக்கும். ஆனால் அது கேட்கிற நாலரை வோல்ட் அடாப்டரை இப்போது எந்தக் கடையிலும் வைத்திருப்பதில்லை. கிடைத்த அடாப்டரைக் குத்தலாம் என்றால், நடு ஊசியில் பிளஸ்ஸா மைனஸா என்பது ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு மாதிரி. பார்க்காமல் குத்தி ஒன்றுக்குச் சாம்பிராணி போட்டிருக்கிறேன். வாசனை மட்டும்தான் கொஞ்சம் வேறு.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பவர் பேங்கிலிருந்து வரும் மின்சாரத்தைச் சின்னதொரு தகட்டின் வழியே குறைத்து, நானே பற்ற வைத்த வயரில் பிளேயருக்குக் கொடுத்தேன். பாடியது. நாளெல்லாம் பாடியது. பக்கத்தில் என் கைத்தொலைபேசியும் அதே பவர் பேங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே தாய்ப்பால் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய்க் கல்யாண மேடையில் நிறுத்தியது.

சரவணனுக்குத் தாசேக் கெலுகோரில் பெண் பார்த்து முடிவானது. பெயர் ஷாலினி. அதிகம் பேசாத பெண் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். (நானும் நம்பினேன்.) கோயில் மண்டபத்தில் எளிமையான கல்யாணம். ஆனால் நல்ல முகூர்த்தம் என்பதால் ஊரில் பாதிப்பேர் அன்றைக்கே தாலி கட்டினார்கள், மேளக்காரர்கள் ஒருவரும் மிச்சமில்லை. “பரவால்ல லா, போன்ல போட்டு ஸ்பீக்கர்ல வைச்சிரலாம்” என்றான் சரவணன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “கெட்டிமேளம் அடிக்கிற நேரத்துல உன் போனுக்கு பாங்க் லோன் வேணுமான்னு ஒருத்தி கூப்பிடுவா. இல்லாட்டி நடுவுல ஷாம்பு விளம்பரம் வரும். தாலிக்கும் ஷாம்புக்கும் என்னடா சம்பந்தம்? சிடியில விளம்பரம் வராது. யாரும் கூப்பிட மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்.”

“நடுவுல கெட்டு ரொசாக் ஆயிருச்சுன்னா?” என்றாள் அம்மா.

“ஆகாது.”

“ஆச்சுன்னா?”

“அம்மா, நான் ரிப்பேர் பண்ணது ரொசாக் ஆகாது!”

அம்மா பல வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு அது. “சரி. மேளம் நின்னுச்சுன்னா, அந்தப் பெட்டிங்க எல்லாம் பழைய சாமான் லோரியில ஏறணும். அந்த ரூமு அவங்க ரெண்டு பேருக்கும் வேணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். என் வாழ்க்கையில் சேர்த்த ஒரே சொத்தை அந்த ஒரு வார்த்தையில் பணயம் வைத்தேன். கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அறிவு இருந்தால்தானே நடுக்கம் வரும்?

கல்யாணத்தன்று மேடையின் ஓரத்தில் என் ராஜ்யம். பிளேயர், அதிலிருந்து மண்டபத்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு வயர், பவர் பேங்க், அதில் சார்ஜ் ஏறும் என் போன். காலையிலிருந்து நாதஸ்வரம் ஒரு பிசிறில்லாமல் ஒலித்தது. பெண் வீட்டார் ஒருவர் வந்து, “மேளக்காரங்க எங்கம்மா உக்காந்திருக்காங்க?” என்று தேடினார். நான் பிளேயரைச் சுட்டிக் காட்டினேன். அவர் அதைக் கும்பிடாத குறைதான். அம்மாவை ஒரு பார்வை பார்த்தேன். அவள் பூத்தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

ஆனால் நான் மேளக்காரி மட்டும் இல்லை. நாத்தனாரும் நான்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைத்தான் போடுவான். மற்ற இரண்டையும் அவன் அக்காளோ தங்கையோ போட வேண்டும். கெட்டிமேளத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அது ஒரு பிரச்சினையாகவே எனக்குத் தெரியவில்லை.

குருக்கள் தாலியைக் கையில் எடுத்தார். நான் விரலைப் பொத்தானில் வைத்தேன். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று அவர் விரலை ஆட்டியதும் அடுத்த பாட்டுக்குத் தள்ளினேன். மண்டபம் அதிர்ந்தது. அப்போது, எழுந்து ஓடவேண்டிய அந்த நொடியில், எனக்கு ஓர் ஆசை வந்தது. நாத்தனார் முடிச்சுப் போடுவது வாழ்க்கையில் ஒரு தடவை. புதுச் சேலை வேறு. ஒரு வீடியோ இருந்தால் நன்றாக இருக்குமே?

பவர் பேங்கிலிருந்து போனைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற அத்தையிடம் கொடுத்தேன். “அத்தே, நான் முடிச்சுப் போடுறத எடுங்க. என் மூஞ்சி வர்ற மாதிரி!” அத்தையை அங்கேயே விட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன்.

சரவணன் தாலிக் கயிற்றை ஷாலினி கழுத்தில் சுற்றினான். முதல் முடிச்சைப் போடவே அவன் திண்டாடினான். ஒருவழியாகப் போட்டுவிட்டு நகர்ந்தான். நான் மஞ்சள் கயிற்றின் இரு நுனியையும் பிடித்தேன். ஷாலினி தலை குனிந்திருந்தாள். நான் கயிற்றைச் சுற்றினேன்.

மேளம் நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை, திக்கவில்லை. கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது. தூக்கிய அட்சதைக் கைகள் எல்லாம் அப்படியே அந்தரத்தில். குருக்கள் விரலை ஆட்டிக்கொண்டே, “கெட்டிமேளம்... கெட்டிமேளம்...” என்று மெல்லக் கேட்டார், கடன் கேட்பவர் மாதிரி.

கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு தும்மலோ கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது. எங்கள் பெரிய மாமாவுக்கு ஓமப் புகை ஆகாது. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். அவர் தும்மினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும்.

என்ன ஆனதென்று பிளேயரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் கயிற்றை விட்டுவிட்டு எப்படிப் போவது? முடிச்சு போட்டும் போடாமலும் இருக்கிறது. அத்தையைப் பார்த்துக் கண்ணாலேயே பிளேயரைக் காட்டினேன். புருவத்தை ஏற்றினேன். தலையை ஆட்டினேன். உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டினேன். அத்தை போனைப் பிடித்தபடி, “நல்லாருக்கு லா! இன்னும் கொஞ்சம் சிரி!” என்றாள்.

அப்போது கீழிருந்து ஒரு குரல். “அக்கா, மேளம் எங்க?”

ஷாலினிதான். தலை நிமிரவில்லை.

“நின்னு போச்சு” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பெட்டிகளை நினைத்தா, இந்தப் பெண்ணை நினைத்தா என்று அப்போது பிரிக்கத் தெரியவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கு வருகிறாள். அவள் காலமெல்லாம் நினைத்துப் பார்க்கப்போகிற நேரத்தைக் கெடுத்துவிட்டேன்.

“கயித்த விட்டுறாதீங்க” என்றாள் அவள். பிறகு தலையை நிமிர்த்தினாள். மணப்பெண் குனிந்த தலை நிமிரக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை அங்கேயே உதறிவிட்டு, தாசேக் கெலுகோர் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

“டும் டும் டும் டும்! அப்பா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடிங்க! பீப்பீப்பீ, டும் டும் டும்!”

அவள் அப்பா திகைத்துப் போய் வாயாலேயே “டும்” என்றார். அவர் பக்கத்துக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டினார். யாரோ தாம்பாளத்தை அடித்தார்கள். பந்தி பரிமாற நின்றவர்கள் கரண்டியோடு ஓடிவந்து சாம்பார் வாளியை அடித்தார்கள். மண்டபம் முழுக்க வாய்மேளம். சரவணன்கூட, மாப்பிள்ளை மாலையோடு, “பீப்பீ” என்று நாதஸ்வரம் ஆகியிருந்தான். அந்தச் சத்தத்தில் நான் இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். பெரிய மாமா தும்மியது என் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்கவில்லை.

அட்சதை விழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பவர் பேங்கில் விளக்கு அணைந்திருந்தது. போன் இருந்த இடம் காலி. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த பிளேயர் குலுங்கினாலும் பாட்டு அறுபடாமலிருக்க, கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டு மோட்டாரை ஓய்வெடுக்க விடும். அப்போது அது குடிக்கிற மின்சாரம் ஒரு வாய்கூட இருக்காது. இதுவரை பவர் பேங்கை விழித்திருக்கச் செய்தது பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன். அதைப் பிடுங்கியதும், ‘சரி, யாருமில்லை போலிருக்கிறது’ என்று பவர் பேங்க் படுத்துவிட்டது. ஆக, பிளேயர் மேல் குற்றமில்லை! இதைப் பந்தியில் இலை இலையாகப் போய் விளக்கினேன். “சரிம்மா, அந்த அப்பளத்த இங்க தள்ளு” என்றார்கள்.

(வீடியோ? எடுத்திருந்தாள். முழுக்க அத்தையின் கட்டைவிரல். பின்னணியில் வாய்மேளம்.)

மறுநாள் காலையில் அம்மா பழைய சாமான் லோரிக்காரரை வரச் சொல்லிவிட்டாள். நான் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். “மேளம் நின்னுச்சா இல்லையா?” என்றாள் அம்மா. “பிளேயர் நிக்கல. பவர் பேங்க் தூங்கிருச்சு” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான்.” “ஒண்ணு இல்ல!” கீழே லோரி ஹார்ன் அடித்தது.

புது மருமகள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்தாள். அம்மா குரலில் தேன் ஒழுகியது. “நீயே சொல்லும்மா, உன் ரூமு. இந்த பாராங் சாமானெல்லாம் இருக்கணுமா, போகணுமா?”

ஷாலினி பெட்டிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அத்தே, நேத்து மேளம் வாசிச்சது யாரு?”

“நீதாம்மா.”

“மேளக்காரங்களுக்குத் தட்டுல வைச்சுக் குடுக்கணும்ல? எனக்கு இன்னும் யாரும் ஒண்ணும் குடுக்கல. இந்தப் பெட்டிங்கள எனக்குக் குடுத்துருங்க. எனக்கு அந்த ரூமுல பாதி போதும்.”

வீட்டுக்கு வந்த பெண்ணின் முதல் வேண்டுகோள். அம்மாவால் மறுக்க முடியவில்லை. லோரி வெறுமனே திரும்பிப் போனது. அதிகம் பேசாத பெண் என்ற பேச்சும் அதோடு போனது.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யார் கல்யாணமானாலும், நிஜ மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தாலும், தாலி கட்டும்போது எங்கள் பக்கத்தார் வாயாலேயே “டும் டும்” போடுவார்கள். நிபோங் திபாலில் ஒரு தவில்காரர் கோபித்துக்கொண்டு குச்சியைக் கீழே வைத்தேவிட்டார்.

வீட்டில் சண்டை வந்தால் சரவணன் சீண்டுவான். “மேளம் பாதியில நின்ன கல்யாணம் லா இது, செல்லாது.”

ஷாலினி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள். “அந்த மேளத்த வாசிச்சதே நான்தான். எப்ப நிறுத்தணும்னும் எனக்குத் தெரியும்.”

அவன் உடனே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவான். நான் அறைக்குள்ளிருந்து, “பிளேயர் நிக்கலடா!” என்று கத்துவேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பரவாயில்லை, நான் சொல்வதை நிறுத்தப்போவதில்லை.