ஸ்டாப்பர் அண்ணாச்சியின் வாயில் தண்ணீர்

கனி, முத்து, இது உங்கள் இருவருக்கும்தான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் ஒருவர் பஸ் டிரைவரைக் கை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, யாரு இந்தப் பாகல்?" என்று கேட்டுவிட்டு இருவரும் சிரித்தீர்கள். பைத்தியமா என்று கேட்ட உங்களுக்கு, அவர் எதற்குத் திட்டினார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஓர் அம்மாள் படியில் ஒரு காலை வைக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்தார். அதை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. ரோட்டில் வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பம்பாய்க்கென்று கடவுள் ஒதுக்கி வைத்த கோபத்தில் பாதியை அந்த மனிதர் ஒருவரே வாங்கிக்கொண்டார். மீதியைத்தான் நாம் எல்லோரும் ரயிலில் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆண்டாப் ஹில்லில் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் ஸ்டாப்பர் அண்ணாச்சி. கால்பந்தில் கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனை மறிக்கிறவனுக்கு ஸ்டாப்பர் என்று பெயர். அவர் கோவாவில் ஒரு கிளப்பில் சம்பளம் வாங்கி ஆடியவர்.

அத்தனை வருட ஆட்டத்தில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் சொந்த டீமின் கோலுக்குள். அதைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொல்லுவார்.

"என்னா தலையடி தெரியுமாலே. எங்க கோலி அப்பிடியே பாத்துக்கிட்டு நின்னாம்லா. பெரிய பெரிய ஃபார்வர்டுக்கெல்லாம் அவன் விட்டதில்ல, பாத்துக்க."

அப்படிப்பட்டவர் ஏன் சீக்கிரமே ஆட்டத்தை விட்டார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது, ஏச்சுதான் வரும்.

அவர் எங்கள் ஆண்டாப் ஹில் டீமுக்குக் கோச்சாக வந்தபோது நான் இட்லிக்காரன். விடியுமுன் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் மத்தியானத்துக்குள் வியாபாரம் முடிந்துவிடும். டீமில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால் ஊரெல்லாம் காலையில் பந்து ஆட, நாங்கள் உச்சி வெயிலில் ஆடினோம். தொப்பை போட்ட, பிள்ளை பெற்ற ஆண்கள். எங்களைப் பார்த்த முதல் நாள் அவர் சொன்னது: "இட்லி விக்கியளா, இல்ல நீங்களே தின்னுட்டு வாரியளா?"

தடுப்பாட்டக்காரன் எப்போதும் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி நிற்க வேண்டும், அப்போதுதான் பந்தும் தெரியும் ஆளும் தெரியும் என்பது அவர் பாடம். மைதானத்தோடு விட்டால் பரவாயில்லை. அவர் ரோட்டைக் கடப்பதும் அப்படித்தான், நண்டு மாதிரி. மாட்டுங்காவில் சாப்பிட உட்கார்ந்தாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். நேராக உட்கார்ந்த என்னை எல்லோர் முன்னாலும் ஏசினார். "திரும்பி உக்காருலே. சாம்பார் வாளியும் தெரியணும், வாசலும் தெரியணும். பொறத்தால ஒருத்தன் வந்து அப்பளத்த எடுத்தா என்ன செய்வ?"

இன்னொன்று தண்ணீர். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். மூச்சு மூக்கால் மட்டும். முடிவில் அவர் காலடியில் அந்தத் தண்ணீரைத் துப்பிக் காட்ட வேண்டும். விழுங்கியவன் மறுபடி ஓட வேண்டும். எங்கள் கோலி தங்கராஜ் தண்ணீரை விழுங்கிவிட்டு எச்சிலைக் கூட்டித் துப்பிப் பார்த்தான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நான் என்ன எச்சியா கேட்டேன்?" என்று திரும்ப ஓட விட்டார்.

இவ்வளவு செய்ததற்கும் எங்களிடம் அவருக்குக் கிடைத்தது டீ மட்டும்தான். பகலில் எங்களை மேய்த்துவிட்டு வடாலாவில் ஒரு குடோனில் மூட்டை எண்ணப் போவார். அப்போதுதான் செம்பூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கோச் வேலை காலி என்று தெரிய வந்தது. மாதச் சம்பளம், புல் வளர்ந்த நிஜமான மைதானம். அக்கா, அதாவது அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா, செய்தி கேட்டதும் வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டார். பிரின்சிபல் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை. பிள்ளைகளிடம் கத்தாத கோச் வேண்டும். உங்கள் டீமைக் கூட்டிவந்து எங்கள் பழைய மாணவர்களோடு ஒரு மேட்ச் ஆட வையுங்கள், எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்க்கிறோம் என்றார்கள்.

கத்தாத ஸ்டாப்பர் அண்ணாச்சி. உப்பில்லாத கடல் என்று சொல்லுங்கள், நம்பலாம்.

யோசனை தங்கராஜுடையது. "அண்ணாச்சி, வாயில தண்ணிய வச்சிக்கிட்டு உக்காருங்க. நீங்க எங்களுக்குச் செய்யுத வைத்தியந்தான."

"என் ஆயுதத்த எனக்கே நீட்டுதியாலே?" என்றார். அக்கா முறைத்தார். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார்.

மேட்ச் தொடங்கியது. அண்ணாச்சி கன்னம் இரண்டும் கொழுக்கட்டை மாதிரி உப்ப, பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒரு கோல் வாங்கினோம். முகம் சிவந்தது, சத்தம் இல்லை. இரண்டாவது வாங்கினோம். காது சிவந்தது, சத்தம் இல்லை. பிரின்சிபல் அம்மா வந்து மைதானம் எப்படி என்று கேட்டார். தலையை மெதுவாக ஆட்டினார். "எவ்வளவு நிதானமான மனுஷன்" என்று அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதைத் தங்கராஜ் கோல் கம்பத்திலிருந்தே கேட்டானாம்.

இடைவேளையில் அண்ணாச்சி கட்டிடத்துக்குப் பின்னால் போனார். தண்ணீரைத் துப்பிவிட்டு, குழாயைப் பார்த்து எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் திட்டினார். யார் எங்கே நின்றது தப்பு என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டோம். அதன் பிறகு கோல் வாங்கவில்லை. அவர் புதுத் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தார்.

முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது ஒரு கார்னர் வந்தது. நான் தலையால் அடிக்க எழும்பினேன். எதிராளியும் எழும்பினான். நான் தலைகீழாக விழுந்தேன். வானம் தெரிந்தது. கை இருக்கிற இடம் தெரியவில்லை.

பள்ளிக் கமிட்டிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். வெளுத்த சட்டை, கையில் கோப்பை. வெளிச்சம் இருக்கும்போதே பரிசு கொடுத்து போட்டோ எடுக்க வேண்டுமாம். "அரே, கீச்சோ இஸ்கோ பாஹர்," என்னை வெளியே இழுக்கச் சொன்னார். இட்லி விற்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று இந்தியில் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். பிள்ளைகளா, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நான் கீழே கிடந்தேன், எழுந்து அறையக்கூட முடியாது. இரண்டு பேர் என் காலைப் பிடித்துவிட்டார்கள்.

அப்போது ஒரு வாய்த் தண்ணீர் முழுவதும் அந்த வெளுத்த சட்டையில் போய் விழுந்தது.

"கைய எடுலே. எடு. அவன் கழுத்த எவனாவது அசைச்சான், இந்தக் கிரவுண்டுலயே புதைச்சிருவேன்."

அதற்குப் பிறகு சொன்னதை நீங்கள் பெரியவர்களானதும் சொல்கிறேன். தமிழ், இந்தி, மராட்டி, கோவாவில் கற்ற கொங்கணி. என் தலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வர மண்டி போட்டு, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை வாய் அப்படி ஆடியது, கை ஆடவே இல்லை. நடுநடுவே எனக்கும் கிடைத்தது. "ஏலே, கண்ண மூடாத. மூடுன, டீமுல இடம் கெடையாது பாத்துக்க."

கழுத்து எலும்பில் கீறல் என்றார் டாக்டர். இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். கை கால் இரண்டும் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிரின்சிபல் அம்மா நல்லவர்தான். ஆள் அனுப்பினார். கமிட்டிக்காரரிடம் நேரில் வந்து ஒரு மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு. என் கட்டிலைச் சுற்றித்தான் பஞ்சாயத்து நடந்தது.

"சாரின்னு ஒரு வார்த்தைதான," என்றார் அக்கா. "கொழம்புல உப்பு கூடுனா என்னைய அந்த ஏச்சு ஏசிட்டு, பொறவு எத்தன சாரி கேட்டிருக்கிய. அதுல ஒண்ண அங்க போய்ச் சொல்லுங்க."

"துப்புனதுக்குச் சொல்லுதேன். சட்டையக் கொண்டாரச் சொல்லு, தொவச்சும் குடுக்கேன். கத்துனதுக்குச் சொல்ல மாட்டேன்."

"அண்ணாச்சி, எனக்காக," என்றேன்.

"ஒனக்காகத்தாம்லே கத்துனேன்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "என்னையும் அப்பிடித்தான் இழுத்தானுவ, கோவாவுல. ஆட்டம் நிக்கக் கூடாதுன்னு, காலப் புடிச்சு. எந்திரிச்சுப் பாத்தா வலது கை மேல வரல. அன்னைக்கு ஒருத்தன் கத்தியிருக்கலாம்லா. எல்லாவனும் மரியாதையா நின்னானுவ."

அவர் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அது ஏனென்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா பையை எடுத்துக்கொண்டார். "சட்டையத் தொவைக்கவும் வேண்டாம். எந்திரிங்க, போவோம்."

வேலை போயிற்று. அந்தப் பள்ளிக்குச் சிரித்த முகத்தோடு வேறொரு கோச் வந்தார். அண்ணாச்சி இன்றும் மூட்டை எண்ணுகிறார், மத்தியானம் மைதானத்துக்கு வருகிறார். எனக்குக் கோபம் ஆறவில்லை. அந்தக் கமிட்டிக்காரர் மேல், மரியாதையாக நின்றவர்கள் மேல், கொஞ்சம் உங்கள் மேலும்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிய அன்று ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத்தான் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துச் சுவரோரம் போய் நின்றேன். வெயில் கொளுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் யாரையோ பெயர் சொல்லி ஏசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. ரோட்டைப் பார்த்தே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அந்தச் சத்தம் வந்த பக்கமாக மெல்ல, மிக மெல்ல, கழுத்தைத் திருப்பினேன்.

திரும்பியது.