எங்க காலத்து லிஃப்ட்

வாசகர்களே, கட்டடம் எழும்பும் இடத்தில் செங்கல், மணல், கம்பி, சிமென்ட் இவற்றோடு தவறாமல் வந்து சேரும் இன்னொரு சாமான் உண்டு. அதற்கு ரசீது கிடையாது. ‘எங்க காலத்து ஆள்’ என்று பெயர். எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையால் வானத்தைக் காட்டி, எதிரே உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களைப் பார்த்து மூக்கால் சிரித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் என்ன சொல்கிறார் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

அடையாளம் காண்பது சுலபம். புதுக் கையுறை ஒன்றை அவர்முன் நீட்டுங்கள். வாங்கமாட்டார். அதைப் பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார், பிறகு தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. ஆனாலும் நீங்கள் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் வைத்தால், “சுவர்ல அடிக்கிற தண்ணியத்தான் நாங்க குடிச்சோம்” என்பார். ஹெல்மெட் கொடுத்தால், “மண்டை எதுக்கு இருக்கு?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டியவர்கள் நாம்.

பட்ட கஷ்டத்தைச் சொல்வது தப்பா? தப்பே இல்லை. பட்டவர் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் நம் ஆளுக்கு, தான் பட்டது பெரிய கஷ்டமில்லை. அடுத்தவன் இன்னும் படவில்லையே என்பதுதான் பெரிய கஷ்டம்.

இந்த இனத்தில் முதல் தரமானவர் ஒரு டைல்ஸ் மேஸ்திரி. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் தரை பதித்துக்கொண்டிருந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் பதித்த தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது எங்கே உருளுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும். குறையெல்லாம் முட்டியில்தான். பாதி ஆயுளைத் தரையில் மண்டியிட்டே கழித்தவருக்கு முட்டி என்ன ஆகும்? உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது, எழுந்தால் உட்கார விடாது. இளைய டைல்ஸ்காரர்கள் பேன்ட்டுக்கு மேலே முட்டிப் பட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். “என்னப்பா, பந்து விளையாடவா கிளம்பிட்டீங்க?” என்று மேஸ்திரி கேட்பார். அவர் பேன்ட்டுக்கு உள்பக்கம், முட்டி படும் இடத்தில், பழைய மெத்தையின் பஞ்சை வைத்து அவர் மனைவி கையால் தைத்துக்கொடுத்திருந்தது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

டீ வேளைதான் அவருடைய மேடை. பக்கவாத்தியத்துக்கு பைப்புக்காரர் இருந்தார். அதே வயசு, அதே வியாதி. இவர் ஒன்று எடுத்துக்கொடுத்தால் அவர் பிடித்துக்கொள்வார்.

“செருப்பா? கொதிக்கிற கம்பி மேல வெறுங்காலோட நடந்தோம்யா.”

“நீ கம்பி மேல நடந்த. எங்களுக்குக் கம்பியே இல்ல, அந்தரத்துல நடந்தோம்.”

“எப்படிண்ணே அந்தரத்துல?” என்று ஒயர்மேன் கேட்பான். காதில் பாட்டு கேட்கும் குமிழோடு திரிகிற இளைஞன். ஒரு காதுக் குமிழை மட்டும் எடுத்துவிட்டுக் கேட்பதுதான் அவன் காட்டும் மரியாதை.

“நடந்தோம்ங்கறேன், எப்படின்னா? அதான் உங்க தலைமுறை. எப்படி எப்படின்னு கேட்டே பொழுத ஓட்டுங்க.”

கச்சேரியின் உச்சம், மேஸ்திரி தன் இளம் வயதில் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். பதினோரு மாடி. கல்யாணமான புதிதில் அது மூன்று மாடியாக இருந்தது. மகன் பிறந்தபோது ஐந்து. மகன் வேலைக்குப் போன வருஷம் எட்டு. கட்டி முடித்துக் கைகழுவிய கட்டடம், எந்த அலுவலகத்தின் அனுமதியும் இல்லாமல், ஒரு செங்கல்கூடச் செலவில்லாமல், டீ வேளைகளிலேயே வளர்ந்துகொண்டு போனது. “தினம் பத்துத் தடவை ஏறி இறங்குவோம், படியில! தோள்ல சிமென்ட் மூட்டை!” என்று முடிக்கும்போது டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். கதை முடிந்தது என்று அர்த்தம்.

அப்படி டம்ளரைக் கவிழ்த்த ஒரு நாளில்தான் இன்ஜினியரம்மா வந்து சேர்ந்தாள். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, அதனால் தொழிலாளிகளைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று நம்புகிறவள்.

“மேஸ்திரி, நீங்கதான் இங்க சீனியர். அடுத்த வாரத்துலேர்ந்து மேல் மாடியில வேலை. சாமான் லிஃப்ட்ல ஆள் ஏறக்கூடாது. ஆளுங்களுக்குத் தனி லிஃப்ட் வாடகைக்கு எடுக்கவான்னு ஆபீஸ்ல கேட்கறாங்க. தேவைன்னா எடுத்துடலாம். தேவைதானே?”

வாசகர்களே, தேவை என்று ஒரு சொல். முட்டி சொல்லச் சொன்னது. இடுப்பு கெஞ்சியது. சுற்றியிருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். ஆனால் அந்த வாய் எத்தனையோ வருஷமாக ஒரே தடத்தில் ஓடிப் பழகிய வண்டி. திடீரென்று திருப்பினால் திரும்புமா?

“லிஃப்டா!” என்று மூக்கால் சிரித்தார் மேஸ்திரி. “எங்க காலத்துல பதினோரு மாடி, தோள்ல மூட்டையோட, படியில ஏறினோம்மா.”

“படியா?” என்றார் பைப்புக்காரர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். “எங்களுக்கெல்லாம் படியே கிடையாது.”

இன்ஜினியரம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்போ வேண்டாம்னு எழுதிடறேன். உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறது எங்களுக்குப் பெருமை மேஸ்திரி” என்று சொல்லிவிட்டுப் போனாள். போனதும் ஒயர்மேன் இன்னொரு காதுக் குமிழையும் எடுத்தான்.

“நல்லா இருங்க மேஸ்திரி” என்றான். அப்படி ஒரு ஆசீர்வாதத்தை யாரும் வாங்கக்கூடாது.

திங்கட்கிழமை காலை டைல்ஸ் பெட்டிகள் சாமான் லிஃப்ட்டில் ஜம்மென்று மேலே போயின. அவற்றைப் பதிக்கப்போகிறவர் படியில் போனார்.

எப்படிப் போனார்? அதில்தான் அவர் மேதை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, புருவத்தைச் சுருக்கி, தலையை ஆட்டி, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு அடுத்த படியில் கால் வைப்பார். பார்த்தவர்கள் இவர் சுவரைப் பரிசோதிக்கிறார் என்று நினைத்தார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவர் கொஞ்சம் அதிக நேரம் தலையை ஆட்டிவிட்டதால், பூச்சு வேலைக்காரர் பயந்துபோய் அந்த மூலையை உடைத்து மறுபடி பூசினார். நன்றாக இருந்த மூலை. என்ன செய்வது, ஒருவர் முட்டிக்கு எத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது!

ஏறியவர் இறங்கவில்லை. டீக்கு இறங்கவில்லை, சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. கழிப்பறை கீழே இருந்ததால் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார். கீழே டீ வேளை அவர் கச்சேரி இல்லாமலே நடந்தது. அங்கே இளைஞர்கள் காலை நீட்டிச் சிரிக்கும் சத்தம் மட்டும் ஒன்பதாம் மாடிவரை ஏறி வந்தது. அதற்கு முட்டி வலி கிடையாது. இந்த வேகத்தில் போனால் ஒரு வாரத்தில் படுக்கையில் விழுந்துவிடுவோம், பிறகு வேலையும் போய்விடும் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்த மனைவி, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏங்க, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலையா?”

“குடிச்சா இறங்கணும். இறங்கினா ஏறணும்.”

“லிஃப்ட் போடச் சொல்லுங்க.”

“எந்த வாயால கேட்கறது?”

“வேண்டாம்னு சொன்னீங்களே, அந்த வாயாலதான். வேற வாய்க்கு எங்க போறது?”

வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து முட்டியில் வைத்தாள். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “அந்தக் காலத்துல பதினோரு மாடி ஏறினவன்டி நான்…”

“எது? அந்தப் பள்ளிக்கூடமா?”

“ஆமா.”

“அது ரெண்டு மாடி.”

மேஸ்திரி முட்டியில் இருந்த துணியைச் சரிசெய்தார்.

“நான் இல்லாத எடத்துல எத்தனை மாடி வேணாலும் கட்டிக்கோங்க. என்கிட்ட கட்டாதீங்க. நான் அங்கதான் மணல் சுமந்தேன்.”

“சரி, ரெண்டுன்னே வெச்சுக்க. படியில ஏறினோமில்ல?”

“நீங்க எங்க படியில ஏறினீங்க?” அவள் துணியை மறுபடி முக்கினாள். “மேல ஒரு கப்பி மாட்டியிருந்தாங்க. கயித்துல ஒரு மரப்பெட்டி. மணல் ஏத்தறதுக்கு. நீங்க அதுக்குள்ள ஏறி நின்னுக்குவீங்க. நாலு பொம்பளைங்க கீழேருந்து இழுப்போம். ‘மெதுவா இழுங்க, ஆடுது’ன்னு மேலேருந்து அதட்டல் வேற. மறந்துபோச்சா?”

மறந்துதான் போயிருந்தது. நம் ஆட்கள் பொய் சொல்வதில்லை, வாசகர்களே. சுத்தமாக மறப்பார்கள், அவ்வளவுதான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை விரித்தாள். குறுக்கே கயிறு அறுத்த தழும்பு, வெளுத்துப்போய், இன்னும் இருந்தது. அந்தக் கையை அவள் எந்த டீ வேளையிலும் யாருக்கும் விரித்துக் காட்டியதில்லை.

இந்த இடத்தில் மேஸ்திரியின் கண் கலங்கியிருக்கும், மனைவியின் கையைப் பிடித்திருப்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. மேஸ்திரி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒளி.

“அப்போ, எங்க காலத்துல லிஃப்ட் இருந்திருக்கு!” என்றார்.

மறுநாள் டீ வேளைக்கு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தபடி கீழே இறங்கி வந்தார். இன்ஜினியரம்மா அங்கே இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“என்னதான் சொல்லுங்கம்மா, எங்க காலம் மாதிரி வராது. ஒரு பள்ளிக்கூடம் கட்டினோம். ரெண்டே ரெண்டு மாடி. அதுக்கே எங்க கான்ட்ராக்டர் லிஃப்ட் வெச்சுக் கொடுத்தாரு.”

மகனைவிட வயசான அந்தப் பதினோரு மாடிப் பள்ளிக்கூடம், கண்ணெதிரே ஒன்பது மாடி சரிந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

“லிஃப்டா? அந்தக் காலத்துலயா?” என்றாள் இன்ஜினியரம்மா.

“பின்னே? நாம போய் நின்னா போதும். பட்டன்கூட அமுக்க வேண்டாம். தானா மேல போகும். அப்படி மனுஷன மனுஷனா மதிச்ச காலம். இப்பப் பாருங்க, ஒன்பது மாடி, ஒரு லிஃப்ட் கிடையாது. உங்களச் சொல்லல. காலம் அப்படி.”

“நீங்கதானே மேஸ்திரி வேண்டாம்னு சொன்னீங்க?”

“வேண்டாம்னு எங்கம்மா சொன்னேன்? ‘எங்க காலத்துல’ன்னு ஆரம்பிச்சேன். நீங்க முழுசாக் கேட்காமப் போயிட்டீங்க.”

இளைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒயர்மேன் வாயைத் திறந்தான். “அந்தப் பதினோரு மாடி…” என்று ஆரம்பித்தான். அப்போது தன் காலடியில் கிடந்த ஒயர் சுருள்கள் அவன் கண்ணில் பட்டன. அவை சாமான் லிஃப்ட்டில் போய்விடும். அவற்றை இழுக்க அவன்தான் ஒன்பதாம் மாடிக்குப் படியேற வேண்டும்.

“…பதினோரு மாடிக் கட்டடம் கட்டினப்பகூட லிஃப்ட் இருந்துச்சுன்னு மேஸ்திரி அடிக்கடி சொல்வாரு மேடம்” என்று முடித்தான்.

“ஒண்ணா?” என்றார் பைப்புக்காரர், சூடாகி. “எங்களுக்கு ரெண்டு லிஃப்ட். ஏற ஒண்ணு, இறங்க ஒண்ணு!”

இன்ஜினியரம்மாவுக்குக் காது வரை சிவந்தது. பழைய காலத்தைவிடத் தன் கட்டடம் மட்டமா? அன்று மாலையே ஆபீசுக்குப் போனில் சண்டை போட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் லிஃப்ட் வந்து நின்றது.

முதல் ஆளாக மேஸ்திரிதான் ஏறினார். எல்லோரும் அவருக்கு வழிவிட்டார்கள். கம்பிக் கதவு மூடி, கூண்டு கடகடவென்று மேலே போகும்போது அவர் மூக்கால் சிரித்தது எல்லாருக்கும் கேட்டது.

“என்னப்பா இவ்வளவு சத்தம் போடுது? எங்க லிஃப்ட்ல ஒரு சத்தம் வராது.”

வீட்டுக்குப் போனதும் இதை மனைவியிடமும் சொன்னார்.

“சத்தம் வந்துச்சு” என்றாள் அவள், அவர் பேன்ட்டுக்குள் புதுப் பஞ்சை வைத்துத் தைத்துக்கொண்டே. “மூச்சு வாங்கற சத்தம். மேல நின்ன உங்களுக்குக் கேட்கல.”

கதை முடிந்தது என்று டம்ளரைக் கவிழ்த்துவிடாதீர்கள். லிஃப்ட் வந்து கொஞ்ச நாளில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெயின்டரிடம் ஒயர்மேன், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, “நாங்க வந்த புதுசுல இந்த லிஃப்ட்டெல்லாம் ஏது? ஒயரத் தோள்ல போட்டுக்கிட்டு…” என்று ஆரம்பித்ததைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு உங்கள் மாமனாரோ, பழைய மேலதிகாரியோ, மாடி வீட்டுக்காரரோ ஞாபகம் வந்து, நீங்கள் வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். சிரியுங்கள். ஆனால் நீங்கள் எத்தனை மைல் நடந்து பள்ளிக்கூடம் போனீர்கள், எந்த விளக்கில் படித்தீர்கள், எத்தனை பேர் செய்யும் வேலையை ஒற்றை ஆளாகச் செய்தீர்கள் என்று கடைசியாக யாரிடமோ சொன்னீர்களே, அந்தக் கதையை இன்று வீட்டில், பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒருவரிடம் ஒரு தடவை சொல்லிப்பாருங்கள். அப்போது கயிற்றை யார் இழுத்தது என்றும் கேட்டுப்பாருங்கள்.

கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். முட்டிக்கு நல்லது.