கத்திக்கொண்டே இருந்த பெட்டி

பெட்டி மறுபடியும் கத்தியது.

"யாரோ ஒட்டுக்கேக்குறாங்கன்னு சொல்லுது. பிழை பன்னிரண்டு சதவீதம்," என்றான் உதவியாளன் டுவெய்ன், திரையைப் பார்த்தபடி.

"ஒட்டுக்கேக்குறதாவது! நாம இப்போ பூட்டி அனுப்புறது பனி வாருற லாரியோட அட்டவணை. அதை எவன்டா திருடுவான்?" என்றாள் லொரேட்டா. "இது வெறும் இரைச்சல்."

முனைவர் லொரேட்டா ஷாண்ட்ஸ் ஆறு வருடம் பாடுபட்டுக் கட்டிய குவாண்டம் பெட்டி அது. கனடாவின் வாட்டர்லூ நகரசபையிலிருந்து மூன்று தெரு தள்ளியிருந்த கணினி மையத்துக்கு, கண்ணாடி இழை வழியாக, தகவலைப் பூட்டும் ரகசியச் சாவியை ஒவ்வோர் ஒளித்துகளாக அனுப்பும். நடுவில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகள் கலைந்து பிழை ஏறும். பதினொரு சதவீதத்தைத் தாண்டினால் சாவியைக் குப்பையில் போட்டுவிட்டுப் பெட்டி கத்தும்.

ஆனால் சூடு, அதிர்வு, வெளிச்சம் எது பட்டாலும் பிழை ஏறத்தான் செய்யும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு, பெட்டி கத்தினால் திருடன் ஞாபகம் வராது. ஹீட்டர் ஞாபகம்தான் வரும்.

அன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கவுன்சிலர் பெவர்லி கின்ஸி சோதிக்க வருகிறார். பெட்டி தேறினால் ஊர் மருத்துவமனைக்கும் தண்ணீர் நிலையத்துக்கும் இதே பூட்டு. தேறாவிட்டால் ஆறு வருட உழைப்பும் பழைய இரும்புக்கடைக்கு.

லொரேட்டா ஹீட்டரை நிறுத்தினாள். பிப்ரவரிக் குளிரில் நகரசபையே கோட்டும் கையுறையுமாகத் தட்டச்சு செய்தது. பிழை பதினான்கு ஆனது.

கூரைக்கு மேல் இழை போகும் நடைவழியில் ஏணி போட்டுக் கூரைப் பலகை மாற்றிக்கொண்டிருந்தார் மெர்வ். "என்ன டாக்டரம்மா, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

"கம்பி அதிருது மெர்வ். ஆளுங்க நடக்குறதாலதான்."

புதன்கிழமை நடைவழியையே மூடினாள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் முழங்கால் பனியில் கட்டடத்தைச் சுற்றிப் போனார்கள். போகும்போதே லொரேட்டாவின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள்.

"நானும் போயிடவா?" என்றார் மெர்வ்.

"நீங்க ஏணி மேலதானே நிக்குறீங்க, நடக்கலையே. இருங்க."

பிழை பதினெட்டு.

வியாழக்கிழமை விளக்குகளை அணைத்தாள். இருட்டில் மெர்வ் என்ன செய்வார் பாவம் என்று, தன் தலைவிளக்கைக் கழற்றி அவர் நெற்றியில் மாட்டிவிட்டாள். போதாததற்கு வெண்ணெயும் சர்க்கரையும் வைத்துச் சுட்ட ஒரு பட்டர் டார்ட்டும் கொடுத்தாள்.

"தங்கமான மனசு உங்களுக்கு," என்றார் மெர்வ், வாய் நிறைய.

பிழை இருபத்து நான்கு.

வெள்ளிக்கிழமை காலை டுவெய்ன் கிசுகிசுத்தான். "எல்லையை முப்பதுன்னு மாத்திடலாம். பெட்டி கத்தாது. யாருக்கும் தெரியாது."

லொரேட்டாவுக்கும் கை பரபரத்தது. ஆறு வருடம் அல்லவா! ஆனாலும் அவன் கையைத் தட்டிவிட்டாள். "எனக்குத் தெரியுமேடா."

பதினொரு மணிக்குப் பெவர்லி உட்கார்ந்ததுதான் தாமதம், பெட்டி ஊரைக் கூட்டியது.

"இவ்ளோ கத்துற பூட்டு எதுக்கு, மென்பொருள் பூட்டே போதுமேன்னு எங்க ஆளுங்க கேக்குறாங்க," என்றார் பெவர்லி. "இது என்னதான் சொல்லுது?"

"யாரோ ஒட்டுக்கேக்குறாங்கன்னு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

லொரேட்டா திரையைப் பார்த்தாள். இரைச்சல் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "நாலு நாளா எல்லாத்தையும் சோதிச்சுட்டேன் மேடம். என் பெட்டி பொய் சொல்லல. யாரோ கேக்குறாங்க!"

டுவெய்ன் கண்ணை மூடிக்கொண்டான். பெவர்லியோ கோப்பைத் திறந்து சரசரவென்று கையெழுத்துப் போட்டார். "ஊர் முழுக்கப் போடுங்க." பிறகு கைப்பேசியை எடுத்தார். "போதும், இறங்கி வாங்க."

பெட்டி சட்டென்று அடங்கியது. பிழை இரண்டு சதவீதம். திரையில் சாவிகள் கொட்டின. டுவெய்ன் லொரேட்டாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கதவு திறந்தது. நெற்றியில் தலைவிளக்கு இன்னும் எரிய, மெர்வ் நின்றிருந்தார்.

"கவுன்சிலரம்மா சோதனைக்கு வச்ச திருடன் நான்தான் டாக்டரம்மா. நாலு நாளா உங்க கம்பியில காதை வச்சேன். நீங்க ஆள விரட்டி, வெளிச்சம் குடுத்து, டார்ட்டும் ஊட்டினீங்க, உங்க பெட்டி ஒண்ணுதான் என்னைக் காட்டிக்குடுத்துக்கிட்டே இருந்துச்சு!"