வாழை இலையில் ஓர் இன்ஜின்

வாழை இலையில் சோறு சாப்பிட்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். வாழை இலையில் காரைப் பரிமாறிய ஒரே மனிதர் எங்கள் முதலமடை இலை ராவுத்தர்தான். இதை மறுக்கிறவர்கள் தாராளமாக எனக்கு எழுதலாம். இதுவரை ஒருவரும் எழுதவில்லை. இதை நான் அச்சில் சொல்வது இதுதான் முதல் தடவை என்பது வேறு விஷயம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது எங்கள் தபால்காரருக்கே தெரியாது. உறையின் மேல் 'இலை ராவுத்தர், ரயில்வே கேட், முதலமடை' என்று எழுதினால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டை ஒட்டி ஒரு பெரிய மாமரம், அதன் கிளையில் இன்ஜின் தூக்குவதற்கு ஒரு செயின் பிளாக், அடியில் ஓலைக் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் அவர் கை கழுவுகிற தண்ணீரிலேயே வளர்ந்த பத்துப் பன்னிரண்டு வாழை. அவ்வளவுதான் அவருடைய ஒர்க் ஷாப்.

ஒரு இன்ஜினைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் அவர் ஸ்பேனரை எடுக்கமாட்டார், அரிவாளை எடுப்பார். பின்பக்கம் போய் ஏழெட்டு இலை அறுத்துக்கொண்டு வந்து, துடைத்து, பாய் விரித்து வரிசையாகப் போடுவார். பிறகு கழற்றக் கழற்ற ஒவ்வொரு சாமானும் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். உப்பு வைக்கிற மூலையில் சின்ன போல்ட்டுகள், பொரியல் பக்கத்தில் வால்வுகள், நடுவில் சோறு மாதிரி பிஸ்டன். யாரும் இலையைத் தாண்டக்கூடாது, அதன் பக்கத்தில் தும்மக்கூடாது. ஒருமுறை மாம்பழ லாரி டிரைவர் ஒருவர் பீடியோடு குறுக்கே நடந்துவிட்டார். அந்த லாரியை ராவுத்தர் மூன்று நாள் தொடவில்லை.

நோய் விசாரிக்கிற முறையும் வைத்தியர் முறைதான். வண்டி மேட்டில் ஏறும்போது இருமுகிறதா, காலையில் எழுந்ததும் புகைகிறதா, தண்ணீர் அதிகம் கேட்கிறதா என்று கேட்பார். அப்புறம் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டிக்காரருக்கு அந்த நேரத்தில் தன் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போலவே இருக்கும்.

கடையில் எல்லாச் சாமானையும் பூட்டித் தயாராக விற்கிற இன்ஜின் என்றால் அவருக்கு ஆகாது. ஒரு பஸ் முதலாளி அவசரத்துக்கு அப்படி ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கி, மாட்டிக் கொடுத்தால் போதும், சாயங்காலம் டிரிப் போக வேண்டும் என்றார். ராவுத்தர் தலையாட்டிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எப்படி மாட்டுவது என்பது அவர் வாதம். சாயங்காலம் பஸ் போகவில்லை. முதலாளியின் புத்தம் புது இன்ஜின் ஒன்பது இலையில் பரவிக் கிடந்தது. முதலாளி அழாத குறை. ஆனால் அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து ஒரு பனியன் வந்தது. கை வைத்த பனியன். எவனோ துடைத்துவிட்டு உள்ளேயே மறந்து மூடியிருக்கிறான். ராவுத்தர் அதைத் துவைத்துக் காயவைத்து, கொட்டகை வாசலில் நிரந்தரமாகத் தொங்கவிட்டார். தயார் இன்ஜினைப் பற்றி யார் பேச்சை எடுத்தாலும், வாயைத் திறக்காமல் அந்தப் பனியனைக் காட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

அப்போது நான் ஒரு வாடகைக் கார் வைத்திருந்தேன். சீமைக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரை ஒருவரிடமிருந்து வந்த பழைய கார். எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது குமுளிக்கு அப்பால் மலைமேல் இருக்கிற வண்டன்மேட்டில். பெண்ணின் அப்பா எங்களுக்குத் தூரத்து உறவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மலைக்குப் போய் ஏலக்காய்த் தோட்டம் போட்டவர். மாப்பிள்ளை தேடி வந்தவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், காரை நாலு தடவை சுற்றிப் பார்த்தார். சம்மதம் சொன்னது எதைப் பார்த்து என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பொள்ளாச்சி ரோட்டில் வண்டிக்குள் யாரோ உரலில் இடிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் நின்றுவிட்டது. மாடு கட்டி ரயில்வே கேட்டுக்கு இழுத்து வந்தோம். திறந்து பார்த்த ராவுத்தர், பேரிங்கு உருகிவிட்டது, கிராங்கு கீறிவிட்டது, ரிங்கெல்லாம் தேய்ந்துவிட்டது என்று மூன்று சாவுச் செய்தியை ஒரே மூச்சில் சொன்னார்.

கோயமுத்தூரில் ஒரு கடையில் இதே ஜாதி இன்ஜின், பச்சை பெயிண்ட் அடித்து, பூட்டித் தயாராக இருந்தது. இரண்டே நாளில் மாட்டிவிடலாம். என் அப்பா அதை வாங்கியே தீர வேண்டும் என்றார். டீக்கடையில் ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பழைய இன்ஜின் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ராவுத்தருக்குப் பயந்தவர்கள். எனக்கும் மனசெல்லாம் பச்சை இன்ஜின்மேல்தான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். ஆச்சரியமாக, அவர் பனியனைக் காட்டவில்லை.

"அது நல்ல இன்ஜினாவும் இருக்கலாமுங்க தம்பி, நான் பாக்கலை. உங்க இன்ஜின்ல என்ன கெட்டுக் கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச சீக்கோட மலை ஏறிப்போடலாமுங்க. தெரியாத சொகத்த நம்பி ஏறாதீங்க" என்றார்.

பத்து நாள் கேட்டார். கையில் இருந்ததே பன்னிரண்டு நாள். ஏதோ ஒரு மயக்கத்தில் சரி என்றேன். அன்றைக்கே அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கிராங்கும் இன்ஜின் பிளாக்கும் லேத்தில் கடைசல் பிடிக்கக் கோயமுத்தூர் போய்வந்தன. ராவுத்தர் பேரிங்கில் சலவை நீலத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி, மாட்டி, சுற்றி, கழற்றி, நீலம் அழுந்தின இடத்தைச் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி மாட்டினார். இரண்டு நாள் இதே வேலை. அவர் விரலெல்லாம் நீலமாகவே இருந்தது. எட்டு வால்வையும் ஒவ்வொன்றாக அதனதன் இருக்கையில் வைத்துக் கையால் தேய்த்தார். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்தால் மூச்சு ஒழுகும், பாதி மலையில் வண்டி படுத்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கிவிட்டு, எட்டையும் வரிசையாக இலையில் வைத்தார். அந்த விளக்கத்தை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குக் கிளம்பும்போது, இலையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிப் போனார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து வருங்கால மாமனாரின் கடிதத்தைக் கொடுத்தார். மாப்பிள்ளை சொந்தக் காரில் வருகிறார் என்று வண்டன்மேடு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்கு முன்னால் மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்து காருக்கென்று தனியாக ஒரு பந்தல் போட்டிருக்கிறேன், பந்தலின் அகலம் போதுமா என்று மட்டும் எழுதவும் என்றிருந்தது. மாப்பிள்ளைக்குப் பந்தல் உண்டா என்பது பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை. காரில்லாமல் பஸ்ஸில் போய் இறங்கினால் அந்தப் பந்தலில் எதைக் கட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே இரண்டாம் தடவை படித்தேன்.

கலகலவென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு வெள்ளாடு வால்வு இலையின் நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் பட்ட இலையை ஆடு தின்னுமா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் வறண்ட ஊர், கோடையில் எங்கள் ஆடு எதையும் தின்னும். எட்டு வால்வும் மண்ணில் உருண்டு கிடந்தன. பொறுக்கினேன், துடைத்தேன், பின்பக்கம் ஓடி ஒரு புது இலை அறுத்து வந்தேன். எட்டையும் உற்று உற்றுப் பார்த்து, ஞாபகத்தில் பாதியும் சாமிமேல் பாரத்தைப் போட்டுப் பாதியுமாக அடுக்கி வைத்தேன்.

ராவுத்தர் திரும்பி வந்து இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல புதுசா இருக்குதுங்களே தம்பி?"

பழசு வெயிலில் வாடிவிட்டது, அதனால் மாற்றினேன் என்று சொன்னேன். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேய்ப்பார், நாள் போதாது. சொல்லாவிட்டால் மலையில் பாதியில் படுக்கும். மூன்று தடவை சொல்லிவிட நினைத்துப் போனேன். மூன்று தடவையும் குச்சியைக் காதில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினார். பதினோராம் நாள் இன்ஜின் கிளம்பியது. ஊரே கை தட்டியது. நான் மட்டும் எட்டு வால்வையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும்போது புறப்பட்டோம். பின் சீட்டில் அப்பாவும் அம்மாவும். முன் சீட்டில் என் பக்கத்தில், வெளுத்த சட்டையும் தொப்பியுமாக ராவுத்தர். காலடியில் ஸ்பேனர் பெட்டி, மடியில் ஒரு கட்டு வாழை இலை. வழியில் எங்கே வேண்டுமானாலும் பிரிக்கத் தயாராகத்தான் வருகிறார் என்று தெரிந்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போய்விட்டது.

உடுமலை, பழனி, தேனி, கம்பம் எல்லாம் தாண்டிச் சாயங்காலம் வண்டி மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இன்ஜின் சத்தத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். குமுளி வந்தது. அது இரண்டு ராஜ்யங்களின் எல்லை, செக்போஸ்ட் உண்டு. காவல்காரர் கையைக் காட்டி, வண்டியை ஆஃப் ஆக்கச் சொன்னார்.

நான் ஆஃப் செய்யவில்லை. சூடான இன்ஜின், மாறிப்போன வால்வு, மேட்டில் நிற்கிற வண்டி. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மாமனார் நாலு மைலுக்கப்பால் பந்தலோடு காத்திருந்தாலும் பரவாயில்லை, நாற்பது மைலுக்கப்பால் காத்திருந்தாலும் பரவாயில்லை, இனி மறைக்க முடியாது.

"ராவுத்தரே, அன்னிக்கு வால்வு எலைய ஆடு தின்னுபோட்டுதுங்க. நானா அடுக்கி வெச்சேனுங்க."

"எந்த ஆடு?" என்றார் பின் சீட்டிலிருந்து அப்பா. பன்னிரண்டு நாளில் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

ராவுத்தர் கையை நீட்டி, அவரே இன்ஜினை நிறுத்தினார்.

"தெரியுமுங்க தம்பி. பாய் மேல ஆட்டுப் புழுக்க கெடந்துதே" என்றார். "எட்டுல அஞ்சு சரியாத்தான் வெச்சிருந்தீங்க. மூணு மாறியிருந்துது, எடம் மாத்தி வெச்சுப்போட்டேன். எல்லாத்துலயும் புள்ளி குத்தி வெச்சிருக்கறேனுங்க. ஒண்ணாவதுக்கு ஒரு புள்ளி, ரெண்டாவதுக்கு ரெண்டு."

எனக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் கோபம் வந்தது. புள்ளி இருக்கிறதென்றால் இத்தனை வருஷமாக எதற்கு இந்த இலை, பாய், தும்மாதே, தாண்டாதே என்கிற கூத்தெல்லாம் என்று கேட்டேவிட்டேன்.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "எல எனக்கில்லீங்க, வண்டிக்காரருக்கு. இன்ஜினப் பிரிச்சு மண்ணுல போட்டா, எல்லாம் போச்சுன்னு அவங்க மொகம் செத்துப்போகுது. எலைல வரிசையா வெச்சுப் பாருங்க, ஒண்ணும் தொலையலைன்னு மனசு தெளிஞ்சுக்கும்" என்றார்.

நான் அவர் மடியிலிருந்த இலைக்கட்டைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவல்காரர் எட்டிப் பார்த்து, மடியில் என்ன என்று கேட்டார். சாப்பாட்டு இலை என்றார் ராவுத்தர். போகச் சொல்லிவிட்டார்கள்.

இன்ஜின் ஒரே சுற்றில் கிளம்பியது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் கண்ணாடி மங்கியது என்று என் மனைவியிடம் இன்றைக்கும் சொல்வதுண்டு. அவள் நம்புவதில்லை. பின் சீட்டில் அப்பா, தயார் இன்ஜினாக இருந்தால் ஆடு பிரச்சினையே வந்திருக்காது என்று முணுமுணுத்தார். ஆனாலும் பேசினாரே, அதுவே எனக்குப் போதும்.

வண்டன்மேட்டில் வாழை மரம் கட்டி, தோரணம் கட்டி, பந்தல் தயாராக இருந்தது. மாமனார் முதலில் காரின் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் என்னை வாங்க என்றார். புது இன்ஜின் போட்டதாகக் கேள்விப்பட்டேனே என்று விசாரித்தார். இல்லை, அதே பழசுதான் என்றேன். அவர் யோசித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பழசுலயே இந்த மலைய ஏறி வந்திருக்குதுன்னா, மாப்ளே கெட்டிக்காரருதானுங்க" என்றார். மாப்பிள்ளை கெட்டிக்காரர் இல்லை என்பது அங்கே ஒருவருக்குத் தெரியும். அவர் கூட்டத்தின் பின்னால், நீல விரலோடு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்ததும், ஒர்க் ஷாப்பில் வேலை கிடக்கிறது என்று பஸ் பிடித்துப் போய்விட்டார். இலைக்கட்டை மட்டும் முன் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பும் வழியில் மலை இறங்கும்போது என் மனைவி, இந்த வாடிப்போன இலை எதற்கு, தூக்கி எறிந்துவிடட்டுமா என்று கேட்டாள். ஊர் போய்ச் சேரும்வரை இருக்கட்டும் என்றேன்.

ராவுத்தரும் இல்லை, காரும் இல்லை. ஆனால் இன்றைக்கும் எந்த விருந்திலாவது எனக்கு முன்னால் இலையைப் போட்டால், சோறு வருவதற்கு முன்னாலேயே என் மனசு தெளிந்துவிடுகிறது.